செவ்வாய்க்கிழமைகளால் ஆன மாதம்

சிவகாசியில் தீக்குச்சி அடுக்குகிற இடமும் ஆபீஸ்தான், திரி சுற்றுகிற இடமும் ஆபீஸ்தான், தேதித்தாள் அச்சடித்துக் கட்டுப்போடுகிற இடமும் ஆபீஸ்தான். அப்படிப்பட்ட ஒரு காலண்டர் ஆபீசை மூடியபோது, ஆட்களை நிறுத்தப்போகிறேன் என்று ஒரு மாதம் முன்னதாகச் சொல்லவும் செய்யாமல், சொல்லாமல் விட்டதற்கு ஈடாக ஒரு மாதக் கூலியைக் கொடுக்கவும் கையில் காசில்லாமல், அந்த ஒரு மாதத்தையே கட்டாகக் கட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பிவிட்டார் முதலாளி ரத்தினவேல். எந்த முதலாளிக்கு இந்த மனசு வரும் என்று மெச்சுகிறவர்களும் ஊரில் உண்டு, இல்லாத காசுக்கு இல்லாத மாதத்தைக் கொடுத்து ஆட்களின் வாயை அடைத்துவிட்டார் என்று ஏசுகிறவர்களும் உண்டு. தாள் அடுக்குகிற குருவம்மாள் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. கிடைத்த மாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

நடந்தது இதுதான். பங்குனி வெயிலில் எல்லாரையும் கேட்டுக்குள் வரச்சொல்லி, ஆபீசை இன்றோடு மூடுகிறேன் என்று முதலாளி சொன்னார். கட்டிங் மிசின் ஓட்டுகிற தங்கப்பாண்டி சட்டம் பேசத் தெரிந்தவன். அவன்தான் முன்னால் வந்தான்.

"ஒரு மாசம் முன்கூட்டி நோட்டீஸ் குடுக்கணும் முதலாளி. இல்லேன்னா ஒரு மாசக் கூலியைக் குடுக்கணும். அது போக வருசத்துக்குப் பதினஞ்சு நாள் கூலி தனியா."

"பதினஞ்சு நாள் கூலியை இடத்தை வித்ததும் தர்றேன்யா. இப்ப பேங்க்காரன் மிசினுக்குச் சீல் வைக்க வந்துக்கிட்டு இருக்கான். மாசம்தான கேக்கீங்க? மாசத்தையே தர்றேன், கொண்டுட்டுப் போங்க."

மூலையில் ஒரு லோடு கழிவுத்தாள் கிடந்தது. போன சீசனில் யாரோ அச்சுப் பிளேட்டை மாற்ற மறந்ததால் எல்லாத் தேதிக்கும் செவ்வாய்க்கிழமை என்றே விழுந்துவிட்ட தாள்கள். சிவப்பு மை ஏறுவதற்குள் தப்பு தெரிந்துவிட்டதால் மாதத்தின் பெயரும் இல்லை, ராகுகாலம் எமகண்டமும் இல்லை. தேதியும் செவ்வாயும் மட்டும் இருந்த அந்தத் தாள்களை ஒன்று முதல் முப்பது வரை அவரவரே அடுக்கினார்கள், அவரவரே பசை தடவினார்கள், அதுதான் அந்த ஆபீசில் அவர்கள் பார்த்த கடைசி வேலை. முதலாளி ஒவ்வொரு கட்டையும் வாங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இது உன் நோட்டீஸ் மாசம்" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது என்பதை ஏசுகிற கட்சிக்காரர்களும் ஒத்துக்கொள்கிறார்கள்.

முதலில் கிழித்தவன் தங்கப்பாண்டிதான், அதுவும் கோபத்தில். பஜ்ஜி தின்ற கையைத் துடைக்க ஒரு தாளைக் கிழித்தான், கடைக்காரர் கரண்டியோடு அப்படியே நின்றார், எண்ணெய் குமிழோடு நின்றது, வந்த பஸ் நின்றது, பறந்த காக்கா நின்றது. அவன் ஒரு முழுநாள் அந்த ஊரில் தனியாக இருந்தான். சும்மா இருக்க முடியாமல் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தான். தூங்கி எழுந்தபோது பஸ் ஓடியது. இமைக்கிற நேரத்தில் எதிர்ச்சுவர் வெள்ளையானதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, "தம்பி, சுண்ணாம்பு மிச்சம் இருந்தா எனக்கும் கொஞ்சம் குடேன்" என்று கிண்ணத்தோடு வந்தாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு அது பழகிவிட்டது. ஒரு தாள் கிழித்தால் ஒரு நாள், தூங்கி எழுகிறவரை அது உன்னுடைய நாள், விழிப்பதற்குள் முடிந்துவிடக்கூடாது என்றால் படுக்கப்போகும்முன் அடுத்த தாளைக் கிழித்துக்கொள்ள வேண்டும். நீ தொட்ட அடுப்பு எரியும், நீ திறந்த குழாயில் தண்ணீர் வரும், ஆனால் மனிதர்கள் மட்டும் தொட்டாலும் அசையமாட்டார்கள். வெயில் கிழித்த நேரத்தில் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். இது தெரியாமல் கட்டுப்போடுகிற இருளப்பன் ராத்திரியில் போதையில் கிழித்துவிட்டு ஒரு நாள் முழுக்க இருட்டில் தீப்பெட்டி தேடினான், தீப்பெட்டி ஊரிலேயே அவனுக்குத் தீப்பெட்டி கிடைக்கவில்லை என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பசி இருக்கும், ஆனால் நோய் இருக்காது. தங்கப்பாண்டியின் காலில் இருந்த சர்க்கரைப் புண் அந்த நாட்களில் நீர்விடவில்லை, வலிக்கவில்லை, ஆறவும் இல்லை. அந்த மாதம் உடம்பின் கணக்கில் வராது என்று ஊர் முடிவுசெய்துகொண்டது.

டீக்கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்து, நான் நின்றுபோயிருக்கும்போது டீ எடுத்துக் குடிக்கிறவர்கள் காசைப் போட்டுவிட்டுப் போகவும் என்று எழுதி ஒட்டினார். எல்லா நாளும் செவ்வாயாக இருந்ததால் முடிவெட்ட ஆகாது, நகம் வெட்ட ஆகாது, புதிதாக எதையும் தொடங்க ஆகாது, ஆகவே பாதியில் கிடந்த வேலைகள் எல்லாம் முடிந்தன, பாதி பின்னிய கூடை, பாதி எழும்பிய சுவர், பாதியில் நின்ற சண்டை. செவ்வாய் அம்மனுக்கு உகந்த நாள் என்பதால் பெண்கள் எலுமிச்சை விளக்குப் போட்டார்கள், பூசாரி மணியடித்து நிமிர்வதற்குள் அம்மன் முன்னால் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும், அவரும் வேறெதுவும் கேட்காமல், "யாரு பேருக்கு அர்ச்சனை, அதைச் சொல்லிட்டுப் போகக்கூடாதா" என்று மட்டும் சலித்துக்கொள்வார். ராகுகாலம் போடாத தாளைக் கொடுத்தது தப்பு என்று ஆபீஸ்காரர்களுக்குள் பேச்சு வந்தது. காலம் காலமாக ஒவ்வொரு தாளிலும் ராகுகாலம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண்கள் அவை.

ஆனால் ஒன்று. தனியாகக் கிழித்தவர்கள் திரும்பி வந்தபின் கொஞ்ச நாள் யாரிடம் பேசினாலும் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். எதிரில் இருப்பவர் இமைக்கிறாரா என்று பார்த்தார்கள். பேச்சியம்மாளும் அவள் புருசனும் மட்டும் அப்படி இல்லாமல் கல்யாணமான புதிதில் இருந்ததுபோல முகம் மலர்ந்து திரிந்தார்கள். என்னவென்று விசாரித்தால், இருவரும் ஆபீஸ் ஆட்கள், இருவரிடமும் கட்டு இருந்தது, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் கிழித்திருக்கிறார்கள், ஒரே நாளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் தனியாகக் கிழிக்கவில்லை. அக்காளும் தங்கையும் சேர்ந்து கிழித்தார்கள், சிநேகிதர்கள் கும்பலாகக் கிழித்தார்கள், ஆபீசில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஆள் கிடைக்காமல் ஜோடி சேர்ந்தார்கள்.

குருவம்மாளின் கட்டு மட்டும் பிரிக்காமல் ஆணியில் தொங்கியது.

அவளுடைய புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். பிள்ளை இல்லை. வரிசை வீட்டில் ஒற்றை அறை. அவளுக்கு என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் இருந்தது ஒரே ஒருத்திதான், மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தாள் அடுக்கிய சீனித்தாய். காலண்டர் ஆபீசில் எப்போதும் அடுத்த வருசத்தைத்தான் அடுக்குவார்கள் என்பதால், இருவரும் பேசியதெல்லாம் அடுத்த வருசத்துப் பேச்சாகவே இருந்தது. தீபாவளி ஞாயித்துக்கிழமை விழுதுடி, ஒரு நாள் லீவு போச்சு என்பாள் ஒருத்தி. பங்குனிப் பொங்கல் வெள்ளியில வருதுக்கா, நல்ல கூட்டம் இருக்கும் என்பாள் இன்னொருத்தி. நடப்பு வருசத்தை அவர்கள் சீண்டவே மாட்டார்கள், அதில் பேசுகிற மாதிரி ஒன்றும் இருக்காது. ஒருத்தி கொண்டுவந்த சோற்றை இன்னொருத்தி தின்றாள். இத்தனை வருசத்தில் இருவரும் சேர்ந்து ஒரு முழுநாள் சும்மா இருந்ததில்லை. சீசன் விடாது, சீசன் முடிந்தால் ஆளுக்கொரு திசையில் கூலி தேடி ஓட வேண்டும்.

சீனித்தாய்க்குக் கட்டு கிடைக்கவில்லை. அவள் வவுச்சரில் கூலி வாங்குகிற ஆள், ரிஜிஸ்டரில் பெயர் கிடையாது. போன சீசன் நடுவில் இருமல் கண்டு படுத்தவளிடம், "உடம்பு தேறட்டும், அடுத்த சீசனுக்குக் கூப்பிடுறேன்" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். தம்பி வீட்டின் ஓர அறையில் கிடந்தாள். பெரியாஸ்பத்திரியில், பிரியப்பட்டதை ஆக்கிப்போடுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இருமல் வந்தால் அவள் உடம்பு சுருண்டு நிமிரும்.

அவளுக்கும் ஒரு மாதம் கிடைத்தால்? இருமல் இல்லாத மாதம். இருவரும் சேர்ந்து கிழித்தால், ஒரு மாதம் முழுக்க அவளும் தானும், கேட்பாரில்லாமல், அவசரமில்லாமல். குருவம்மாளுக்கு இந்த நினைப்பு வந்தபிறகு சோறு இறங்கவில்லை. எப்படியாவது அந்த மாதத்தை வாங்கிவிட வேண்டும், சீனித்தாயின் மூச்சு நிற்பதற்குள் வாங்கிவிட வேண்டும்.

லேபர் ஆபீசுக்குப் போனாள். ஆபீசர் மாதத்தைப் பற்றி ஆச்சரியப்படவில்லை, அவருக்கு அதுபற்றி ஏற்கனவே பைல் இருந்தது.

"ஏம்மா, அந்தம்மாவை வேலையை விட்டு நீக்கினாங்களா?"

"இல்லைங்க சார். கூப்பிடுறேன்னு சொன்னாரு, கூப்பிடலை."

"அப்ப நீக்கலை. நீக்காதவங்களுக்கு எப்படி நோட்டீஸ் மாசம் வரும்?"

"அப்ப நீக்கச் சொல்லுங்க சார்."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஒருத்தியின் வேலையைப் பிடுங்கித் தாருங்கள் என்று கேட்டு வந்தவளை இப்போதுதான் பார்க்கிறார். "அதை முதலாளிகிட்டப் போய்க் கேளும்மா. நீக்குற அதிகாரம் எனக்கில்லை" என்றார், கொஞ்சம் வருத்தமாகவே.

முதலாளி வீட்டில் சோபா இருந்த இடம் காலியாக இருந்தது, விற்றுவிட்டார்கள் போல. அவர் தரையில் பாய்போட்டு உட்கார்ந்திருந்தார். குருவம்மாள் வாசல்படியில் நின்று விசயத்தைச் சொன்னாள்.

"நான் அவளை நீக்குனா, அவ இத்தனை வருசம் என்கிட்ட வேலை பார்த்தான்னு ஆயிரும்" என்றார் முதலாளி. "அப்புறம் வவுச்சர் ஆளுக அம்புட்டுப் பேரும் வந்து கேட்டுல நிப்பாக. நான் எங்க போவேன்?"

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் முதலாளி. காசும் கேக்கலை. இத்தனை வருசம் வேலை பார்த்தவளுக்கு ஒரு மாசம். அம்புட்டுத்தான்."

"எனக்கே மாசம் இல்லை, குருவம்மா. என்னைய யாரு நீக்குவா? நீங்கள்லாம் கிழிச்சுக் கிழிச்சு எங்கயோ போயிட்டு வர்றீக. நான் இங்க வெளியவே கெடக்கேன்."

உள்ளேயிருந்து முதலாளியின் வீட்டம்மாள் குரல் வந்தது. "ஒரு மாசம்தான கேக்குது அந்தப் புள்ள. என்னமோ உங்க அப்பாரு சம்பாதிச்சு வச்சுட்டுப் போன மாசம் மாதிரி இழுக்கீங்க. போயி நீக்கிட்டு வாங்க."

முதலாளி எழுந்து சட்டையைப் போட்டார்.

சீல் வைத்த ஆபீசின் பின்பக்கச் சன்னல் வழியாகத் தாள் எடுத்து, அவரே அடுக்கி, அவரே பசை தடவினார். பழக்கமில்லாத கை, விளிம்பு சேரவில்லை. குருவம்மாளுக்கு வாங்கி ஒருதரம் தட்டிச் சேர்க்க வேண்டும்போல இருந்தது, ஆனால் கொடுக்கிறவர், வாங்குகிறவர் அல்லாத வேறு கை பட்டால் பலிக்காது என்று பயந்து சும்மா நின்றாள். இருவரும் முன்னும் பின்னுமாகத் தெருவில் நடந்தார்கள். ஆடி மாதம் பிறந்திருந்தது, புழுதிக் காற்று, முதலாளி கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி வருகிறார் என்று தம்பி பொண்டாட்டி சொன்னதும் சீனித்தாய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். குருவம்மாள் கதவைத் தாண்டும்போது அவள் தலையைக் கோதி முடிந்துகொண்டிருந்தாள், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள், அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் குருவம்மாள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பார்த்ததும் குருவம்மாளுக்குப் பயம் வந்தது.

"வாங்க முதலாளி. சீசன் தொடங்கியாச்சா? ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போடுவீகளே."

முதலாளி நின்றுகொண்டே இருந்தார். "இல்லத்தா. ஆபீசை மூடியாச்சு. தெரியும்ல உனக்கு."

"தெரியும் முதலாளி. அவுகளுக்கெல்லாம் நோட்டீஸ் குடுத்தீகன்னு அக்கா சொல்லுச்சு. என்னைத்தான் கூப்பிடுறேன்னு சொன்னீக."

முதலாளி குருவம்மாளைப் பார்த்தார். குருவம்மாள் கட்டைப் பார்த்தாள்.

"சீனித்தாயி," என்றார் முதலாளி, மற்றவர்களிடம் சொன்ன அதே குரலில், "இது உன் நோட்டீஸ்..."

"வேண்டாம் முதலாளி."

"வாங்கிக்கடி" என்றாள் குருவம்மாள். "வாங்குனா இருமாதுடி. ஒரு மாசம் இருமாது."

"அதை வாங்குனா எனக்கு வேலை போயிரும்ல."

சீனித்தாய் இரண்டு மூச்சு வாங்கிவிட்டு, சண்டைக்காரியைப்போல முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். "ரிஜிஸ்டர்ல என் பேரே இல்லேன்னு சொன்னீகள்ல. இல்லாத பேரை எப்படி நீக்குவீக? கொண்டுட்டுப் போங்க முதலாளி. உடம்பு தேறுனதும் நானே வாரேன்."

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். முதலாளி தொழிலாளியைக் கும்பிட்ட அந்தக் காட்சியைத் தம்பி பொண்டாட்டி தெருவெல்லாம் சொன்னாள், அதற்குமேல் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கட்டோடு திரும்பிப் போனார். அது அவருக்கும் உதவாது, யார் பெயரைச் சொல்லிக் கொடுக்க வந்தாரோ அவள் வாங்காததால் அதன்பிறகு அது வெறும் தாள்தான்.

குருவம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்னடி நினைச்சுக்கிட்டு இருக்க? ஆபீஸ் இல்லைடி. மிசினைக்கூடப் பேங்க்காரன் பிரிச்சுக் கொண்டுட்டுப் போயிருவான். இனி நீ எந்த வேலைக்குப் போகப்போற? எத்தனை இடத்துல அலைஞ்சேன் தெரியுமா இதுக்கு?"

"எனக்குத் தெரியும்க்கா எல்லாம்" என்றாள் சீனித்தாய். "தெரிஞ்சதை நீ ஒருதரம் வாயால சொல்லணுமா? அந்த ஆபீசுல அம்புட்டுப் பேருக்கும் வேலை போச்சு. எனக்குப் போகலை. கூப்பிடுறேன்னு சொன்னது அப்படியே நிக்குது. காலைல எந்திரிக்கும்போது அதை நினைச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கேன். என்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு."

நான் இருக்கேன்ல என்று சொல்லத்தான் குருவம்மாளுக்கு வாய் வந்தது. அதை அவளாகச் சொல்ல வேண்டும், கேட்டுப் பெறுகிற வார்த்தை அது இல்லை என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள், தெருவில் பார்த்தவர்களிடம் கண்ணில் புழுதி விழுந்துவிட்டது என்றாள்.

ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் கிழித்து முடித்துவிட்டார்கள். பேச்சியம்மாள் கடைசித் தாளை மட்டும் குருவம்மாளுக்காக வைத்திருந்து, "வாக்கா, ஒரு நாளாவது எங்களோட வந்து இரு" என்று கூப்பிட்டுப் பார்த்தாள், குருவம்மாள் போகவில்லை. இப்போது கிழித்தால் துணைக்கு வர ஊரில் ஒருவரிடமும் தாள் கிடையாது. வீணாகப் போகப்போகிறதே என்று எல்லாரும் அவளுக்காக அங்கலாய்த்தார்கள். சீனித்தாய்கூட அதையேதான் சொன்னாள். "கிழிச்சிருக்கா. எனக்கென்ன, நான் கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள வந்துரப்போற."

அதன்பிறகு இருமல் கூடியது. சோறு நின்று கஞ்சியானது, கஞ்சி நின்று தண்ணீரானது. ஒரு மத்தியானம், தம்பி பொண்டாட்டி குழாயடிக்குப் போயிருந்த நேரம், குருவம்மாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஏன் எடுத்துவந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சீனித்தாய் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள், கையைத் தூக்கினாள், "அக்கா, நாளைக்கு..." என்றாள், அப்போது அடித்தொண்டையில் இருமல் புரண்டு வருகிற சத்தம் கேட்டது. இருமல் தொடங்கிவிட்டால் இந்தத் தடவை அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று குருவம்மாள் பயந்தாள். வேறொன்றும் தோன்றாமல் முதல் தாளைக் கிழித்தாள்.

சீனித்தாயின் வாய் பாதி திறந்தபடி நின்றது. கை அந்தரத்தில் நின்றது. இருமல் தொண்டையிலேயே நின்றது. சன்னல் வழியாக வந்த வெயில் கட்டில் காலில் விழுந்து அங்கேயே கிடந்தது.

முதல் நாள் குருவம்மாள் அழுதாள், பிறகு ஓய்ந்தாள், பிறகு சீனித்தாயின் ஓய்ந்த முகத்தைப் பார்த்தாள். வலி இல்லாத முகம். எதையோ கேட்க வந்த முகம். நாளைக்கு என்ன? நாளைக்குச் சுடுகஞ்சி கொண்டா என்று சொல்ல வந்தாளா, நாளைக்கு நான் இருக்கமாட்டேன் என்று சொல்ல வந்தாளா, நாளைக்கு என்ன கிழமை என்று கேட்க வந்தாளா? தூங்கி எழுந்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் இருமல் நிற்கிறது, இருமலுக்குப் பின்னால் எது நிற்கிறதோ. குருவம்மாள் படுக்கும்முன் அடுத்த தாளைக் கிழித்தாள். அடுத்த நாளும் கிழித்தாள். ஒவ்வொரு நாளும் இன்றோடு போதும் என்று நினைத்தாள், ஒவ்வொரு நாளும் கிழித்தாள்.

அந்த அறையில் அவள் பொங்கினாள், தின்றாள், கூட்டினாள், துவைத்தாள். வெளியே போனால் தெருவெல்லாம் நின்ற மனிதர்கள், குழாயடியில் குடத்தோடு நின்ற தம்பி பொண்டாட்டி, டீக்கடையில் ஆற்றின டீ கயிறாக நிற்க அதன் இரு முனையிலும் கிளாஸ். சீக்கிரம் திரும்பி வந்துவிடுவாள். சீனித்தாயிடம் எல்லாவற்றையும் பேசினாள். புருசன் போன கதை, அவன் ஒருநாள் திரும்பிவந்து வாசலில் நின்றதும் தான் கதவைத் திறக்காததும், யாரிடமும் சொல்லாதது. ஆபீசில் உனக்கு முன்னால் நான் இருமியிருந்தால் எனக்குத்தான் இது வந்திருக்கும் என்றாள். நீ வாங்காததில் எனக்குக் கோபம் இல்லை, போடி, இருந்தது, இப்போது இல்லை என்றாள். அடுத்த வருசத்துப் பண்டிகை எல்லாம் எந்தக் கிழமையில் வரும் என்று தெரியாததால், அடுக்காத வருசம் ஆதலால், அதைப் பற்றி மட்டும் பேச முடியவில்லை.

அந்தரத்தில் நின்ற கையை அவள் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்தால் அது பிடியில் மடங்காது. தலையைக் கோதினால் மயிர் இழை அசையாது. ஒருநாள் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்து, அந்தக் கைக்குக் கீழே தன் தோள் வருகிறமாதிரி அமைத்துக்கொண்டாள். கை தோளில் பட்டது. குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. பார்க்கிறவர்கள் இருந்தால் ஒருத்தி இன்னொருத்தியைத் தொட்டுக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதன்பிறகு தினமும் அங்கேதான் உட்கார்ந்தாள், அங்கேயே சுவரில் சாய்ந்து தூங்கினாள். இந்த மாதிரி ஒரு தனிமையை மனுசர் யாருக்கும் கொடுக்கக்கூடாது, ஆனால் அவளை எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கமாட்டாள்.

கட்டு மெலிந்து, கடைசியில் பசை காய்ந்த முதுகு மட்டும் கையில் மிஞ்சியது. அன்றைக்கு அவள் தூங்காமல் உட்கார்ந்துபார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்வதற்கு வெயில் நகரவில்லை. மனிதக் கண் எத்தனை நேரம்தான் தாங்கும், மூடிவிட்டது.

எங்கோ காக்கா கத்தியது. குழாயடியில் குடம் நிரம்பி வழிகிற சத்தம். தோளில் இருந்த கையில் சூடு வந்தது, கனம் வந்தது.

"...வருவல்லக்கா?" என்றாள் சீனித்தாய்.

ஒரு மாதமாகத் தன் குரலைத் தவிர வேறு குரல் கேட்காத குருவம்மாளுக்கு அது சீனித்தாயின் குரல்தான் என்று பிடிபடவே நேரமானது.

"கேட்டா பதிலு சொல்லுக்கா" என்றாள் சீனித்தாய், மூச்சிரைத்தபடி. "எப்பப் பாத்தாலும் வந்ததும் கிளம்பிருத. ஒரு நாளாவது வந்து கூட இரேன்."

சொல்லி முடித்ததும் இருமல் வந்தது.